வெஞ்சனக் காசும் ஒத்தி வீடும்

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம், புரட்டாசி மாதத்தில், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு அடுப்படிக்குக் கீற்றை எடுத்துவிட்டு ஓடு போட்டார்கள். வருஷத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடு ஏற்றிய கூலியாளுக்கு அப்பா புதுக் காசில் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய காசு இருந்தாக் குடுங்க சாமி" என்று அப்பாவின் கையிலேயே வைத்துவிட்டார். எங்கள் ஊரைப் பற்றி அச்சில் வந்தவற்றை நான் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். மலைக்கோட்டையை யார் யாரிடமிருந்து எப்போது பிடித்தார்கள் என்பதெல்லாம் மாதத்தோடு கிடைக்கிறது. ஒரு வீட்டு அடுப்படி எப்போது ஓடாயிற்று என்பதை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. அதை நான் எழுதலாம் என்று நினைக்கிறேன். அதற்குப் பின்னால் என் அம்மா ஒரு கடனை அடைத்த கதை இருக்கிறது.

எங்கள் வீடு ஸ்டேஷன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னால் இரண்டு அறைகள், நடுவில் கிணறும் அதைச் சுற்றிக் கொஞ்சம் திறந்த இடமும், அதற்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியும், கடைசியில் சுவர் இல்லாத ஒரு வெற்றிடம். அப்பா புகையிலை மண்டியில் கணக்கு எழுதினார். அவருடைய தங்கையின் கல்யாணத்துக்குப் பணம் போதவில்லை. 1956 ஆனியில் முன்பக்கத்து இரண்டு அறைகளையும் அறுநூறு ரூபாய்க்கு ஒத்தி வைத்தார்.

ஒத்தி என்றால் எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பணம் கொடுத்தவர் வீட்டில் குடியிருப்பார். அவர் வாடகை தர வேண்டாம். பணம் வாங்கியவர் வட்டி தர வேண்டாம். தவணை முடிகிற அன்று முழுத் தொகையையும் மொத்தமாக வைத்தால் வீடு திரும்பி வரும். வைக்க முடியாதவர்கள் இன்னும் கொஞ்சம் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுவதும் உண்டு. எங்கள் சந்திலேயே ஒரு வீடு அப்படிக் கை மாறியிருந்தது. எங்களுக்குத் தவணை மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் நாங்கள் பக்கத்துச் சந்து வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தோம். அப்போது எனக்கு ஆறு வயது. என் தம்பிக்கு நாலு.

ஒத்திக்கு வந்தவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். அம்மா அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிட்டதால், எங்களுக்கு அவர்கள் முன்வீட்டு மாமாவும் முன்வீட்டு அத்தையும் ஆனார்கள். அப்பாவுக்கு மட்டும் அவர் கடைசிவரை கார்டு ஸார்தான். வாங்கியவர் கொடுத்தவரை முறை வைத்துக் கூப்பிடக் கூடாது என்று அப்பாவுக்கு ஒரு எண்ணம்.

தினமும் மண்டிக்குப் போகுமுன் அப்பா வெஞ்சனத்துக்கு என்று நாலணா எடுத்து வைப்பார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வாங்கும் காய்கறிக்குத்தான் எங்களிடம் வெஞ்சனம் என்று பெயர். ஒத்தி வைத்த முதல் வாரத்திலேயே அம்மா அந்த நாலணாவை அப்பாவிடம் திருப்பி நீட்டினாள்.

"வெஞ்சனத்த நான் மண்ணுல இருந்து எடுத்துக்கிறேன். இது போஸ்டாபீசுக்குப் போகட்டும்."

"அந்த மண்ணுல என்ன இருக்கு? ஓட்டாஞ்சில்லுதான் இருக்கு."

"பொறுக்கிப் போட்டா இல்லாமப் போகுது."

பொறுக்கினோம். நானும் தம்பியும் பின்னாலிருந்த வெற்றிடத்து ஓட்டாஞ்சில்லையும் செங்கல் துண்டையும் ஒரு மூலையில் குவித்தோம். அம்மா கிளுவைக் குச்சிகளை நட்டு, ஆடு நுழையாமல் வேலி கட்டினாள். அப்பா பேச்சுக்கு அதைத் தோட்டம் என்று கேலியாகச் சொல்லத் தொடங்கி, கார்த்திகையில் முதல் கத்தரிக்காய் தட்டில் விழுந்ததும் கேலியை விட்டுவிட்டு அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திண்டுக்கல்லில் மண்ணைவிடத் தண்ணீர்தான் பெரிய விஷயம். எங்கள் கிணற்றில் ஊறுவது இரண்டு வீட்டுச் சமையலுக்கும் குளியலுக்கும் சரியாக இருக்கும். தோட்டத்துக்கு மிச்சம் வராது. ஆனால் முன்வீட்டார் குளிக்கிற, துவைக்கிற தண்ணீர் முழுவதும் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. குளிக்கும் இடத்துச் சுவரில் ஒரு துவாரம் போட்டு, ஒரு வாய்க்கால் வெட்டினால், அதைத் தோட்டத்துக்குத் திருப்பலாம் என்று அம்மா அத்தையிடம் யோசனையாகச் சொன்னாள். அத்தை யோசனையை யோசனையாக விட்டுவைக்கிற ஆள் இல்லை. மாமா கடைக்குப் போயிருந்த நேரத்தில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாமா திரும்பி வந்தபோது சுவரில் ஒரு தேங்காய் நுழைகிற அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

"யாரைக் கேட்டு இந்தச் செவுத்துல ஓட்டை போட்டீக?"

"செவுரு எங்க செவுருதான அண்ணே" என்றாள் அம்மா.

"மூணு வருஷத்துக்கு எஞ்செவுரு தங்கச்சி. பத்திரத்துல இருக்கு."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஒங்க செவுத்துல ஒங்க பொண்டாட்டி ஓட்டை போட்டா, அதுக்குப் பத்திரத்துல என்ன போட்டிருக்கு?"

பத்திரத்தில் அதற்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை போலிருக்கிறது. மாமா, வீட்டைக் காலி செய்யும்போது துவாரத்தை அடைத்துக் கொடுப்பது யார் பொறுப்பு என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அது அம்மா பொறுப்பு என்று முடிவானது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலின் சரிவை அவரே பார்த்தார். நாங்கள் வெட்டியிருந்தபடி விட்டால் தண்ணீர் அவர் வீட்டுக்கே திரும்பி வரும் என்று காட்டி, எல்லாவற்றையும் கலைத்து மறுபடி வெட்ட வைத்தார். சோப்புத் தண்ணீர் வாழைக்கு, அரிசி களைந்த தண்ணீர் கீரைக்கு என்று பாத்தி பிரித்தது அம்மா.

அதன் பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தோட்டம்தான் தீர்மானித்தது. புடலை காய்த்தால் புடலை. அது ஓய்கிறவரை புடலை. கூட்டு, பொரியல், குழம்பு, அதன் விதையில் ஒரு துவையல். ஒரு நாள் தம்பி தட்டைப் பார்த்துவிட்டு, "இது எப்பம்மா சாகும்?" என்று கேட்டான். அம்மா இன்னொரு கரண்டி வைத்தாள். வேலியோரத்தில் இரண்டு வரிசை கனகாம்பரமும் போட்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகுமுன் நான் பறித்துக் கொடுப்பேன். பூக்காரி வந்து அளந்து வாங்கிக்கொண்டு போவாள். வெஞ்சனக் காசு, பூக் காசு, அப்பா சம்பளத்தில் ஒதுக்குகிற ஒரு சிறு தொகை, தீபாவளிக்கு மண்டியில் தருவது, எல்லாம் போஸ்டாபீசில் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா மாதம் பிறந்தால் போய்ப் போட்டுவிட்டு வந்து, திண்டுக்கல்லையே அடமானத்திலிருந்து மீட்டவர்போல முகத்தைக் கழுவிக்கொள்வார்.

இந்த நிலையில்தான் ஓட்டுப் பேச்சு வந்தது. அடுப்படிக் கீற்றை வருஷா வருஷம் மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும். கீற்று, கம்பு, கயிறு, ஆள் கூலி. அம்மா இரண்டு வருஷச் செலவைக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். போஸ்டாபீசில் இருப்பதில் எண்பது ரூபாய் எடுத்து ஓடு போட்டுவிடலாம் என்றாள். அப்பா சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார்.

"கடன வச்சுக்கிட்டு ஓடு போட்டா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு வந்து கீத்து மாத்திக் குடுக்குமா?"

"மொதல்ல கடன். பெறகுதான் மத்ததெல்லாம்."

"ஒத்திப் பணத்துக்கு வட்டி இல்லேல்ல? இன்னைக்கும் அறுநூறு, தவணையன்னைக்கும் அறுநூறு. இந்தக் கூரைதான் வருஷா வருஷம் வட்டி கேக்குது. வட்டி கேக்குறவனுக்குத்தான் மொதல்ல குடுக்கணும்."

பின்னாளில் நான் பொருளாதாரப் புத்தகங்கள் சிலவற்றைப் படித்தேன். அம்மா சொன்னதை இவ்வளவு சுருக்கமாக எவரும் சொல்லவில்லை. மண்டியில் நாள் முழுவதும் கணக்கு எழுதுகிற அப்பாவுக்கு அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் பயம் கணக்குக்குள் வராது. பயத்தோடேயே ஓடு வாங்கி வந்தார்.

ஓடு போட்டு முடிந்த மறுநாள் காலையில் மாமா கிணற்றைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார். அண்ணாந்து பார்த்தார். ஒரு ஓடு கொஞ்சம் விலகியிருக்கிறது என்று காட்டினார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "ஓடு போடுறவுகளுக்கு ஒத்திப் பணம் பெரிசில்ல. நல்லது. ஆனி கடைசியில தவணை. இன்னும் ஆறு மாசம் பொறுங்க, ஒரு வருஷம் பொறுங்கன்னு எங்கிட்ட வரக் கூடாது. ஏம் பணம் அம்புட்டும் அதுலதான் இருக்கு. வரலேன்னா வீட்ட எழுதித்தான் கேப்பேன்."

அப்பா அன்று மண்டிக்கு நேரங்கழித்துப் போனார். அவர் மனசுக்குள் ஒரு வருஷம் தவணை நீட்டிக் கேட்கலாம் என்று வைத்திருந்தாராம். ஓட்டோடு அதுவும் மூடிப் போயிற்று. "பாத்தியா, பாத்தியா" என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். அம்மா விலகியிருந்த ஓட்டைக் கம்பால் நகர்த்திச் சரிசெய்துகொண்டிருந்தாள். "ஆனிக்கு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அந்த இரண்டு வருஷத்தில் அடுப்படிக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கீற்றுச் செலவு மிஞ்சியது. எடுத்த எண்பதில் பாதி அந்த வழியிலேயே திரும்பி வந்துவிட்டது. ஆனால் 1959இன் கோடை மோசமாக வந்தது. பங்குனியிலேயே கிணற்றின் அடியில் பாறை தெரிந்தது. குடிக்கிற தண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த நாட்கள் அவை. கத்தரி காய்ந்தது. புடலைப் பந்தலில் கொடி கயிறாகத் தொங்கியது. தம்பி கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. கனகாம்பரமும் போனது. பூக்காரி வரவில்லை.

அப்பா நாலணாவை மறுபடி வெஞ்சனத்துக்கு என்று எடுத்து வைத்தார். அம்மா தொடவில்லை. தை மாதத்தில் காய் மிஞ்சியபோதே அவள் கத்தரியையும் கொத்தவரையையும் சுண்டையையும் வத்தலாகப் போட்டுப் பானையில் கட்டி வைத்திருந்தாள். இரண்டு மாதம் வத்தல் குழம்பு சாப்பிட்டோம். நான் ஒரு நாள் மாலை முன்வீட்டுக்குப் போய், அத்தையிடம் வீட்டு நடப்பை முறையிட்டேன். அத்தை உருளைக்கிழங்கு வறுவலை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையில் கொடுத்தார். "ஒங்கம்மாட்ட சொல்லாத. அவ காதுல விழுந்தா இதையும் வத்தல் போட்டு வச்சுருவா" என்றார். அந்த வீட்டில் உட்கார்ந்து நான் தின்ற உருளைக்கிழங்குக்கு அளவில்லை. அவர்கள் எங்களிடம் என்னவோ வாங்கியிருக்கிறார்கள், அதைத் திருப்பித் தரும்வரை எங்கள் அறைகளில் இருக்கிறார்கள் என்றுதான் என் மனசில் படிந்திருந்தது. வாங்கியது நாங்கள் என்பது எனக்குச் சொல்லப்பட்டிருந்தும் ஏறவில்லை. ஏனென்றால் அத்தை அம்மாவிடம் மெதுவாகப் பேசுவார். அம்மா சத்தமாகப் பேசுவாள்.

சித்திரை கடைசியில் கூட்டிப் பார்த்தபோது நாற்பது ரூபாய் குறைந்தது. அப்பா அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். அம்மா அவர் பார்வையைப் பார்த்துவிட்டு, "அங்க பாக்காதீக, அங்க பாருங்க" என்று தோட்டத்தைக் காட்டினாள். காய்ந்த நிலத்தின் நடுவில் வாழை மட்டும் நின்றது. கிணறு வற்றினாலும் மனிதர் குளிக்காமல் இருப்பதில்லை. எங்கிருந்தோ சுமந்து வந்த தண்ணீரில் அத்தை குளித்த தண்ணீரும், மாமாவின் வேட்டிகளைத் துவைத்த தண்ணீரும் தவறாமல் அங்கே போய்க்கொண்டிருந்தன. அந்த வைகாசியில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஊரில் இலைக்குத் தட்டுப்பாடு. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டிய இலை வரவில்லை. கல்யாணத்துக்குச் சமைக்கிற ஒருவர் மண்டிக்கு வந்து புலம்பியதை அப்பா வீட்டில் சும்மா சொன்னார். அம்மா மறுநாளே அவரைக் கூட்டிவரச் சொன்னாள். தலைவாழை இலையாகப் பார்த்து அம்மாவே அறுத்துக் கொடுத்தாள். எங்கள் கடனின் கடைசி நாற்பது ரூபாய் அப்படி வந்தது. மாமாவின் கடன் மாமாவின் வேட்டித் தண்ணீரில் தீர்ந்தது என்று அப்பா பல வருஷம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆனி பிறந்ததும் அம்மாவின் நடையே வேறாக இருந்தது. முன்னறையில் எது எங்கே வைப்பது என்று எனக்கும் தம்பிக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்: அதாவது, வெளியே நின்று சுவரைக் காட்டி, உள்ளே இருப்பதைச் சொன்னாள். ஆனால் மாதக் கடைசியில் ஒரு நாள் கிணற்றடியில் அத்தையும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்ததை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் கேட்டேன்.

"அவுக பேகம்பூர்ல வீடு பாத்தாக, நாகல் நகர்ல பாத்தாக" என்றார் அத்தை. "அறுநூறுக்கு இப்ப ஒத்தைக் கட்டுக்கூடச் சிக்கல. எட்டுநூறு, ஆயிரம்ங்கிறாக. வேலையில இருந்த வரைக்கும் ரயில்வே வீடு. வெளிய வந்தப்ப கையில இருந்தது அம்புட்டும் இதுதான்."

"அண்ணே என்ன சொல்றாக?"

"அவுக என்ன சொல்லுவாக. தவணைன்னா தவணை, பணம் வந்தா அன்னைக்கே எறங்கணும்ங்கிறாக. சாமான அவுக தங்கச்சி மகன் வீட்டுல போட்டுட்டு, நாம சத்திரத்துல இருந்து தேடிக்கலாம்னு சொல்றாக. ஒங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிராதீக மதினி. எங்க வீட்டுக்காரவுக காதுக்குப் போச்சுன்னா ரொம்ப ரோசப்படுவாக."

அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் கேட்டதில் எனக்கு ஏறியது சத்திரம் என்ற சொல் மட்டும்தான். சத்திரத்தில் தங்குவது ஒரு பெரிய உல்லாசம் என்று நான் அப்போது நினைத்திருந்தேன்.

ஆனி கடைசி நாள் அப்பா பணத்தை ஒரு துண்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமா எண்ணினார். மறுபடி எண்ணினார். பத்திரத்தின் பின்பக்கத்தில் பணம் பெற்றதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினார். "நாளைக்குக் காலைல சாவி தாரேன். வண்டிக்குச் சொல்லியாச்சு."

மூன்று வருஷத்தில் முதல் முறையாக அம்மா அந்த அறைக்குள் வந்து நின்றாள். "நாளைக்கு ஆடி பொறக்குது அண்ணே."

"பொறக்கட்டும். எங்களுக்கு ஏது ஆடி? நாங்க வேதக்காரங்க தங்கச்சி."

"ஒங்களுக்கு இல்ல. வீட்டுக்கு இருக்குல்ல? இப்ப இது எங்க வீடு. ஆடியில ஆள் எறங்குன வீடு வெளங்காதும்பாக. நான் பிள்ள குட்டிய வச்சுக்கிட்டு இருக்கேன். ஆவணியில எறங்குங்க."

அப்பா திரும்பினார். "ஆடியா? நீ எப்பருந்து..."

"காப்பி ஆறுது, குடிங்க" என்றாள் அம்மா. அப்பாவின் கையில் காப்பி இல்லை. ஆனாலும் அவர் வாயை மூடிக்கொண்டார்.

மாமா விடவில்லை. "அப்ப இந்த ஒரு மாசத்துக்கு நான் யாரு? ஒத்திக்காரனும் இல்ல. குடியிருக்கிறவனும் இல்ல. சும்மா இருக்க எனக்கு வராது. வாடகை வாங்கிக்க."

"வாங்க மாட்டேன். வாடகைன்னு ஒரு ரூவா வாங்கினா, ஆவணியில எறங்க மாட்டேன்னு சட்டம் பேசுவீக."

"நானா?"

"ஊரே அப்படித்தான இருக்கு."

அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வாழ்நாளில் யாரும் அவரைச் சட்டத்தை வைத்து ஏமாற்றுகிறவர் என்று சொன்னதில்லை. எழுந்து வெளியே போனார். வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லத்தான் போனார் என்பது பிறகு தெரிந்தது.

எனக்குத்தான் தாங்க முடியாத ஆத்திரம். மூன்று வருஷம் புடலங்காய் தின்றது அந்த அறைக்காக. அதை ஒரு மாதப் பெயர் வந்து தடுப்பதா? அம்மாவிடம் கேட்டதற்கு, "ஆடி போனா ஆவணி வரத்தான செய்யும்" என்றாள்.

மறுநாள் காலையில் மாமா பெரிய பையோடு எங்கள் அடுப்படி வாசலில் நின்றார். உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ், சிறுமலையிலிருந்து வந்த வாழைப்பழம் ஒரு சீப்பு. "ஆடி முடியிற வரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் வெஞ்சனம் என்னோடது. இதுக்கும் ஏதாச்சும் சொன்ன, சாமான எடுத்துத் தெருவுல வச்சுருவேன்." அம்மா பையை வாங்கிக்கொண்டாள். அன்றைக்குத் தம்பியின் வாய், கை, சட்டை எல்லாம் பீட்ரூட் சிவப்பு. ஆத்திரம் அதோடு எனக்குப் போயிற்று. வருஷத்தில் பன்னிரண்டு மாதமும் ஆடியாக இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

வெஞ்சனக் காசு இப்போது மிச்சம். கடனும் இல்லை. மிச்சமான காசு கையில் சும்மா கிடப்பதை அம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆடி பாதியில் ஒரு கொத்தனார் வந்தார். தோட்டத்தை ஒட்டி எங்களுக்கென்று குளிக்கிற அறை கட்டச் சுவர் எழும்பியது. ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். கொத்தனார்கள் வேலையில்லாமல் இருப்பார்கள். பாதிக் கூலிக்கு வருவார்கள். அம்மா அதை எங்கோ கேட்டு வைத்திருந்தாள். அப்பா மண்டியிலிருந்து வந்து, எழும்பிய சுவரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா அவரை மட்டும் பார்த்தாள். அவர் கை கால் கழுவப் போய்விட்டார்.

அப்பா அந்த மாதம் முழுவதும் மண்டிக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வீடு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பேகம்பூரில், மண்டிக்குச் சுருட்டுப் புகையிலை வாங்க வருகிற ஒருவருடைய வீட்டில், பின்கட்டு அறுநூறுக்கே கிடைத்தது. ஆவணி பிறந்த இரண்டாம் நாள் முன்வீட்டார் வண்டியேறினார்கள். துவாரத்தை அம்மா அடைக்கவில்லை. மாமாவும் அதைக் கேட்கவில்லை. அத்தை பின்னும் பல வருஷம் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து போனார். அதெல்லாம் தனிக் கதை.

நான் சொல்ல வேண்டியது அந்த ஆடியில், கொத்தனார் வந்த மறுநாள் நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். மாமா கிணற்றடியில் உட்கார்ந்து, வாங்கி வந்த கிழங்குகளின் மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். எதிரே கொத்தனார் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வகுப்பில் முதல் மாணவி. ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு விஷயங்களைப் பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியாது.

"மாமா, ஆடியில வீட்ட விட்டுப் போகக் கூடாதுல்ல?"

"ஆமா."

"ஆடியில செவுரு கட்டலாமா?"

"கட்டக் கூடாதும்பாக."

"அப்ப அம்மா கட்டுதே?"

மாமா கொத்தனாரைப் பார்த்தார். கிழங்கு ஒன்றைத் திருப்பித் திருப்பிக் கழுவினார். "கட்டுதுல்ல" என்றார்.

"அப்ப அம்மா சொன்னது பொய்யி. ஒங்களுக்குத் தெரியாதா?"

"அன்னைக்கே தெரியும் பாப்பா. கொத்தனார் வந்துதானா தெரிஞ்சுக்கிட்டேன்?"

"தெரிஞ்சும் ஏம் போகல?"

அவர் கிழங்குகளைக் கூடையில் எடுத்து வைத்தார். மீசையில் ஒட்டியிருந்த தண்ணீரைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எனக்குத் தெரியும்கிறது ஒங்கம்மாவுக்குத் தெரிய வேணாம். சொல்லிராத. சரியா?"

நான் சொல்லவில்லை. அடுப்படிக்குள் கூடையைக் கொண்டுபோய் வைத்தபோது அம்மா, "மாமா என்ன சொன்னாக?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். கொடியசைத்து ரயிலையே அனுப்பி வைத்த மனிதர் என் அம்மாவுக்கு எவ்வளவு பயப்படுகிறார் என்று எனக்கு அன்று பூரா ஒரே பெருமையாக இருந்தது.